கீழ் ரூம் தரை

கீழ் ரூமில் புளி மூட்டைகள் அடுக்கியிருந்த வரைக்கும் அதன் தரையை யாரும் பார்த்ததில்லை. மூட்டைகளுக்கு அடியில் கட்டை போட்டிருந்தார்கள். கட்டைக்கு அடியில் எப்படி இருந்தால் யாருக்கு என்ன? ஆடி முடிகிற சமயத்தில் மூட்டைகளையும் சாமைக் கூடைகளையும் மேல் வீட்டுக்கு ஏற்றிவிட்டு, தேவயானி வெறுந்தரையில் கால் வைத்தபோது பாதம் ஒட்டிக்கொண்டது. குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். தரை வேர்த்திருந்தது.

"மலையக் குடைஞ்சு ரூம் கட்டினா வேர்க்காம இன்னா பண்ணும்?" என்றார் மாமனார் கோபால்சாமி. கதவோரம் குந்தியபடி கட்டைகளின் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். "மாட்டுக்கு வேர்க்கல? மனுசனுக்கு வேர்க்கல?"

"மாடு வேர்த்தா நாம அது மேல படுக்கிறதில்ல மாமா."

அவர் அடுத்த கட்டையை எடுத்துத் தட்டினார். அந்த ரூமைக் கட்டியவர் அவர்தான். வீடு சரிவில் இருந்தது. மேலே ஓடு வேய்ந்த பழைய வீடு. அதற்குப் போக ஆளுயரத்துக்கு மேல் கருங்கல் படிகள், ஒன்று அகலம், ஒன்று குறுகல். கீழே ரோட்டு மட்டத்தில் மலையை வெட்டிக் கான்கிரீட் போட்டுக் கட்டிய ஒற்றை அறை. மூன்று பக்கம் மண். நாலாவது பக்கத்தில்தான் கதவும் ஜன்னலும். வியாபாரி வண்டி வந்து நின்றால் மூட்டையைத் தூக்கிப்போட வசதி என்று கட்டியது. அதில் மகன் படுக்கப்போகிறான் என்று அப்போது யார் நினைத்தார்கள்?

பங்குனியில் புளி உலுக்க மரம் ஏறியவன் தேவயானியின் புருஷன் தமிழ்மணி. கிளை முறியவில்லை, கயிறு அறவில்லை. கால் வழுக்கியது, அவ்வளவுதான். கீழே பாறை. போர்வையில் போட்டு ரோடு வரைக்கும் தூக்கி வந்து, போளூருக்கு இறக்கி, அங்கிருந்து வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் உயிரை மீட்டார்கள். இடுப்புக்குக் கீழே மீட்க முடியவில்லை. இப்போது சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, கையால் தள்ளி, வார்டைச் சுற்றி வருகிற அளவுக்குத் தேறியிருந்தான்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் சசிகலா சிஸ்டர் தேவயானியைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்.

"இந்தாம்மா, அவருக்கு இடுப்புக்குக் கீழ ஒண்ணும் தெரியாது. ஈரத்துல படுத்திருந்தாலும் தெரியாது, கல்லு குத்தினாலும் தெரியாது. தோலு ஊறி ஒரு தபா புண்ணாச்சுன்னா ஆற வெக்கிறது பெரிய பாடு. எத்தினியோ பேரு அடிபட்டதுல பொழச்சு, படுக்கப்புண்ணுல போயிருக்காங்க. வூடு காஞ்ச வூடா? தரை சமமா இருக்குதா?"

"காஞ்ச வூடுதாங்க சிஸ்டர்" என்றாள் தேவயானி.

பொய். மேல் வீடு காய்ந்த வீடுதான், ஆனால் படி ஏற முடியாது. அவளுடைய அண்ணன் கண்ணாயிரம் போளூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் குடியிருந்தார். வாசலில் படிகூட இல்லாத வீடு. "இங்க இட்டாந்துடும்மா. மச்சானுக்கு ஒரு ரூம ஒழிச்சுத் தர்றேன்" என்று வாய் நிறையச் சொல்லியிருந்தார். தமிழ்மணிதான் ஒப்பவில்லை.

"உங்கண்ணன் நல்லவருதான். நான் இல்லன்னா சொல்றேன்? அங்க போனா நான் ஒரு மூலையில கெடப்பேன். நீ காலையில பஸ்ஸு புடிச்சு மலைக்குப் போவ, சாயங்காலம் பஸ்ஸு வராம நடுரோட்ல நிப்ப. ஒரு வெள்ளாமை பாப்ப. அடுத்த வெள்ளாமைக்கு நெலத்த எவனுக்கானா குடுத்துடலாம்ப. எனக்குக் காலுதான் போச்சு. காடும் போவணுமா?"

அதனால் கீழ் ரூம். ஆனால் கீழ் ரூம் வேர்த்தது.

*

வழி சொன்னது வாணியம்பாடி ஃபரூக் பாய். அவருடைய குடும்பம் வருஷா வருஷம் இந்தப் பக்கம் புளி எடுக்க வருகிற குடும்பம். அண்ணன் தம்பிகளில் அவர் ஒருவர்தான் புளியை விட்டுவிட்டு, தோல் குடோன்களுக்குத் தரை போடுகிற வேலைக்குப் போனவர். தமிழ்மணியைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர், தேவயானியின் முகத்தைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டு வாங்கினார்.

"இதுக்காம்மா அழுவுற? தோலுக்கு ஈரம் ஆவாது. பூஞ்சை புடிச்சா மொத்த சரக்கும் போச்சு. அதுக்குன்னே பலகை கீது. மேல மரத்தூள் அழுத்தின பலகை, அடியில பிளாஸ்டிக் குமிழு. கான்கிரீட்டு பாட்டுக்கு வேர்க்கட்டும், குமிழுக்கு நடுவுல காத்து ஓடிக்கினே இருக்கும். பலகைக்கு ஈரம் ஏறாது. ஒரு கம்பெனி அண்டர்கிரவுண்ட் குடோன காலி பண்றாங்க, அங்க நான் போட்ட பலகையே பிரிச்சு வெச்சிருக்கேன். மாட்டுத்தோலக் காப்பாத்தினது மனுசன் தோலக் காப்பாத்தாதா?"

சொன்னபடி ஒரு நாள் காலையில் லோடு ஆட்டோவில் பலகைகளோடு மலையேறி வந்தார். ஆலங்காயம் தாண்டியதிலிருந்து மூடுபனி, லைட்டைப் போட்டுக்கொண்டே வந்தாராம். பலகைகள் சதுரம் சதுரமாக இருந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு பக்கம் நாக்கு, மறுபக்கம் அந்த நாக்கு போய் உட்காருகிற வாய். மாமியார் பெரியம்மாள் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"இன்னாடி இது, செருப்புக் கடை மாரி நாறுது."

"தோல் குடோன்ல இருந்தது பெரியம்மா. ரெண்டு நாளு ஜன்னலத் தொறந்து போட்டா போய்டும்" என்றார் ஃபரூக்.

"போவலன்னா?"

"போவலன்னா உங்க புள்ள புதுச் செருப்பு வாங்கினான்னு நெனச்சுக்கோங்க."

பெரியம்மாள் சிரித்துவிட்டாள். மகன் விழுந்ததிலிருந்து அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. சிரித்ததற்கு வெட்கப்பட்டவள் போல முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.

வேலையைத் தரையிலிருந்து ஆரம்பித்தார் ஃபரூக். துணை ஆள் கூட்டி வரவில்லை, தேவயானிதான் துணை. முதலில் தரையைச் சுரண்டினார்கள். புளிக்கொட்டையும் சாந்துக் கட்டியும் ஒட்டிக் கிடந்த இடங்களை உளியால் கொத்தி எடுத்தார்கள். பிறகு ஒரு நீளக் கட்டையைத் தரையில் படுக்க வைத்து, அதன் அடியில் வெளிச்சம் தெரிகிற இடத்தையெல்லாம் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டார். பள்ளத்துக்கு சிமெண்ட் பால், மேட்டுக்கு உரசுகிற கல். உரசியது தேவயானி. சாமை குத்தின கைதான். என்றாலும் மத்தியானத்துக்குள் தோள் கழன்றுவிடும் போல ஆயிற்று.

கோபால்சாமி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். திரும்பவும் வந்தார்.

"ஏன் பாய், நான் போட்ட தரை அவ்ளோ மோசமா?"

"மோசமில்ல ஐயா. மூட்டைக்குப் போட்ட தரை. சக்கரத்துக்குப் போட்டதில்ல."

"அப்ப எனக்கு சக்கரம் வரும்னு தெரியலியே" என்றார் அவர். அதற்கு மேல் எட்டிப் பார்க்க வரவில்லை. சற்று நேரத்தில் வாசலில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. ரோட்டிலிருந்து ரூமுக்குள் ஏறுகிற சாய்வுப்பாதைக்கு அவரே கடைக்கால் தோண்ட ஆரம்பித்திருந்தார்.

சாப்பாட்டுக்குச் சாமைச் சோறும் காராமணிக் குழம்பும் பலாக்கொட்டை வறுவலும். ஃபரூக் சோற்றை இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டார். "எங்க வூட்ல கனீஸ் ஃபாத்திமா இதையே சக்கரை வியாதிக்குன்னு பாக்கெட்ல வாங்கறா. கஞ்சி மாரி ஆக்கிடறா. இப்பிடி உதிரி உதிரியா வர்றதில்ல."

"தண்ணி அதிகம் வெக்கிறாங்க" என்றாள் பெரியம்மாள். "சாமைக்குத் தண்ணி கண்ணுல காட்டினா போதும்."

சிமெண்ட் பூசிய இடங்கள் இறுகக் காத்திருந்து, அடுத்த தடவை வந்தபோது பலகை அடித்தார்கள். மூலையில் தொடங்கினார்கள். சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி நிற்கும்படி மர ஆப்புகளைச் செருகிக்கொண்டே போனார் ஃபரூக். ஒரு பலகையின் நாக்கை இன்னொன்றின் வாயில் பொருத்தி, மேலே துண்டுக் கட்டை வைத்துச் சுத்தியால் தட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். முதல் வரிசையின் இணைப்பும் இரண்டாவது வரிசையின் இணைப்பும் நேருக்கு நேர் வரக்கூடாது. செங்கல் கட்டுகிற மாதிரி மாற்றி மாற்றி. தட்டுகிற சத்தம் மலைக்குள் போய்த் திரும்பி வந்தது. சாயங்காலத்துக்குள் ஒரு வரிசை தவிர எல்லாம் முடிந்தது. கதவிலிருந்து உள்ளே போகிற, மலையை ஒட்டிய பக்கச் சுவரோரம் முழுப் பலகை போக இடமில்லை. அறுத்துத்தான் வைக்க வேண்டியிருந்தது.

அறுத்த ஓரத்தின் வாய் திறந்திருக்கும், ஈரத்தை உறிஞ்சும்; அதை மூட வார்னிஷ் தடவ வேண்டும். டப்பாவைத் தட்டிப் பார்த்தார் ஃபரூக். இரண்டு பலகைக்கு வந்தது, தீர்ந்துவிட்டது. வெளியே மழை கறுத்துக்கொண்டு நின்றது. மழைக்கு முன்னால் ஆலங்காயம் இறங்கியாக வேண்டும்.

"அப்பிடியே வெச்சுட்டுப் போறேன். அடுத்த வாரம் வார்னிஷும், ஓரத்துக்கு அடிக்கிற பட்டையும் எடுத்தாறேன். அதுவரைக்கும் தரையில தண்ணி படாம பாத்துக்கோம்மா. இந்த விரல் சந்து இருக்குது பாரு, அது அப்பிடியே இருக்கட்டும். காத்து போற வழி."

ஆப்புகளைப் பிடுங்கிக்கொண்டு அவர் போன பிறகு, தேவயானி கதவைச் சாத்தி, செருப்பில்லாமல் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தாள். கால் ஒட்டவில்லை. காலுக்கு அடியில் லேசாக வெதுவெதுப்புகூட இருந்தது போலத் தோன்றியது. மேலே போய் மாமியாரிடம், "தரையில தண்ணி ஊத்திக் கழுவிடாதீங்கத்த. பலகை தாங்காது" என்று சொன்னாள். சுவரோரச் சந்து பற்றிச் சொல்லவில்லை. அதைப் போய் யார் தொடப்போகிறார்கள் என்று நினைத்தாள்.

*

மறுநாளே அவள் வேலூருக்குப் போய்விட்டாள். வீட்டுக்கு அனுப்புகிற முன் கூட இருந்து பழகிக்கொள்ள வேண்டியவை நிறைய. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாற்றுவது, ராத்திரியில் எத்தனை தடவை புரட்டிப் படுக்க வைப்பது. எல்லாவற்றையும்விடத் தோல் பார்ப்பது. காலையிலும் மாலையிலும் புரட்டிப் போட்டு, முதுகுக்குக் கீழே, புட்டத்தில், குதிகாலில், ஒவ்வோர் இடமாகப் பார்க்க வேண்டும். சிவந்திருந்தால் விரலால் அழுத்திவிட்டு எடுக்க வேண்டும். அழுத்தின இடம் வெளுத்துப் பிறகு சிவந்தால் பரவாயில்லை. வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் ஆபத்து.

"சந்தையில மாட்டப் பாக்கிற மாரி பாக்கிறா இவ, சிஸ்டர்" என்றான் குப்புறக் கிடந்த தமிழ்மணி. "பல்ல மட்டும்தான் புடிச்சுப் பாக்கல."

"பல்லு வலிச்சா உங்களுக்கே தெரியும். அதான் பாக்கல" என்றாள் தேவயானி.

சசிகலா சிஸ்டர் சிரிக்கவில்லை. "மலையில மழை புடிக்கப் போவுது. ஒரு வாரம் வெச்சுப் பாருங்க. தெனம் எனக்கு போட்டோ அனுப்பணும். ஒரு எடத்துல சிவப்பு நின்னுச்சுன்னா, வூடு ஒத்துக்கலன்னு அர்த்தம். அப்பறம் போளூர்தான். அழுவக் கூடாது, அடம் புடிக்கக் கூடாது. சரியா?"

தமிழ்மணி தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சரி என்றான்.

வீட்டுக்குப் போகிற நாளைக் குறித்துச் சொல்ல தேவயானி அன்று மாலை மாமனாருக்குப் போன் போட்டாள். எடுத்தது பெரியம்மாள்.

"எல்லாம் ரெடியா கீதுடி. நீ ஒண்ணியும் நெனைக்காத. புள்ள எமன் வாசல் வரைக்கும் போய்ட்டு வர்றான், வெறுந்தரையில வுடலாமா? நல்ல காராம்பசு சாணியா பாத்து, மஞ்சளு கலந்து ரெண்டு கை மொழுகிட்டேன். சுவரோரம் சந்து வுட்டுட்டுப் போய்ட்டான் அந்த பாயி, தேளு பூந்துக்கும்னு செம்மண்ணு கொழச்சு அடைச்சிருக்கேன். கண்ணாடி மாரி கீது வந்து பாரு."

தேவயானி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இன்னாடி, சத்தத்தக் காணோம்?"

"தண்ணி ஊத்தாதீங்கன்னு சொன்னேன் இல்ல அத்த?"

"தண்ணி எங்க ஊத்துனேன்? சாணிதானே மொழுகுனேன்."

*

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் அவள் மலைக்கு வந்து இறங்கினாள். கீழ் ரூம் கதவைத் திறந்ததும் தோல் வாசனை இல்லை. சாணி வாசனையும் புழுக்கமும்தான். பெரியம்மாள் சொன்னது பொய்யில்லை, தரை பச்சையாகப் பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் மலையோரச் சுவர்ப் பக்கம் வரிசையாக வீங்கியிருந்தது. வார்னிஷ் படாத வாய்கள் ஊறி, ஊறின பலகை விரியச் சந்து இல்லாமல், ஒன்றையொன்று முட்டி மேலே எழும்பியிருந்தன. தேவயானி ஒரு பலகையின் ஓரத்தில் விரலை விட்டு நெம்பினாள். அடியில் குமிழ்களுக்கு நடுவே தண்ணீர் முத்து முத்தாக நின்றது.

அவள் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டாள். கோபால்சாமி கட்டி முடித்திருந்த சாய்வுப்பாதை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

பெரியம்மாள் படியிறங்கி வந்தாள். மருமகள் முகத்தைப் பார்த்தாள், உள்ளே போய்ப் பார்த்தாள், வெளியே வந்தாள்.

"ரெண்டு பலகை மேடாச்சு. அதுக்குப் போயி..."

"ரெண்டு பலகையா?" தேவயானி எழுந்துவிட்டாள். "அந்த மேட்டுல சக்கரம் ஏறாது அத்த. ஏறினாலும் அடியில ஈரம். அந்த ஈரம் மேல வரும். அவுருக்கு அது தெரியாது. தெரியுதா உங்களுக்கு? பச்சக் கொழந்தைக்குக்கூட ஈரம்னா தெரியும், அழுவும். அவுரு அழுவ மாட்டாரு. சிரிச்சுப் பேசிக்கினே கெடப்பாரு, அடியில தோலு அழுவிக்கினே இருக்கும்!"

"எம் புள்ளைக்கு நான் கெடுதல் பண்ணுவனாடி?"

"பண்ணிட்டீங்களே!"

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று தேவயானிக்குத் தெரிந்தது. வழக்கமாக ஒன்றுக்கு நாலு பேசுகிற பெரியம்மாள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். நகக்கண்ணில் இன்னும் சாணிப் பச்சை இருந்தது.

"தூக்கிக்கினு போனப்போ செத்துட்டான்னுதான் சொன்னாங்க" என்றாள் கடைசியில். "ஊரே சொல்லிச்சு. அப்பிடிப் போனவன் வரப்போ... மொழுகாத வூட்டுக்குள்ள எப்பிடிடி கூப்பிடுறது?"

கோபால்சாமி குறுக்கே வந்தார். "ஏம்மா தேவயானி, அவளுக்கு இன்னா தெரியும்? சந்துன்னா அடைப்பா. தரைன்னா மொழுகுவா. அதானே கை கண்டது? நீயும் தண்ணி ஊத்தாதன்னு சொல்லிட்டுப் போய்ட்ட. மொழுகாதன்னு சொன்னியா?"

இல்லை. சொல்லவில்லை. தேவயானி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிஸ்டருக்குப் போன் செய்து, போளூருக்கே கூட்டிப் போகிறோம் என்று சொல்லிவிடலாமா என்று போனைக் கையில் எடுத்தாள். அண்ணன் எண்ணைக்கூட எடுத்துவிட்டாள். தமிழ்மணி தலையணைக்குள் சொன்ன 'சரி' காதில் கேட்டது. எண்ணை மாற்றி ஃபரூக்கைக் கூப்பிட்டாள்.

அவர் மத்தியானமே வந்துவிட்டார். வீங்கிய ஓரத்தைத் தடவிப் பார்த்தார். பெரியம்மாளைத் திட்டுவார் என்று தேவயானி எதிர்பார்த்தாள். உள்ளுக்குள் ஆசைப்பட்டாள் என்றுகூடச் சொல்லலாம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"வாய்க்கு வார்னிஷ் அடிக்காம போனது நானு. குடோன்ல இப்பிடி வுட்டுட்டு வந்தா மேனேஜர் என்ன உள்ளயே வுடமாட்டாரு. மழைக்கு பயந்துட்டேன்மா. வாய மூடியிருந்தா ரெண்டு கை சாணிக்கெல்லாம் இது அசைஞ்சிருக்காது."

"சந்து அடைச்சது?" என்றாள் தேவயானி விடாமல்.

"அது தப்புதான். ஆனா பெரியம்மாவுக்கு நான் சொல்லலியே. உன்கிட்டதான் சொன்னேன்."

கோபால்சாமி உளியை எடுத்து வந்து கொடுத்தார். பெரியம்மாள் மட்டும் அங்கே இல்லை.

செம்மண்ணைக் கொத்தி எடுத்தார்கள். சாணியை ஈரத்துணி படாமல் தகட்டால் சுரண்டினார்கள். மலையோர வரிசையைப் பிரித்து வெளியே போட்டபோது பலகை ஓரங்கள் ஊறின ரொட்டி மாதிரி கையில் உதிர்ந்தன. அந்த வரிசைக்கு வேறு பலகை இல்லை; பிரித்தெடுத்த சரக்கு, கடையில் கிடைக்காது. ஃபரூக் சுவரையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த வரிசையே வேணாம். வுட்டுடலாம். சுவரோரம் ஒரு முழம் வெறும் கான்கிரீட்டாவே இருக்கட்டும். கசிவு வர்றதும் அந்தச் சுவர்லதான். கதவுப் பக்கம் வாட்டம் வெச்சுட்டா வழிஞ்சு வெளிய போய்டும்."

"ரூம் சின்னதாயிடுமே பாய். நாற்காலி திரும்பணும்."

நாற்காலி இல்லாததால் கோபால்சாமி ஒரு கூடையைக் கவிழ்த்துத் தள்ளித் தள்ளித் திருப்பிப் பார்த்தார். கட்டிலை ஜன்னலோரம் போட்டால் திரும்பும்; இடித்துக்கொண்டுதான், ஆனால் திரும்பும். ஃபரூக் மிச்சப் பலகைகளின் எல்லா வாய்க்கும் இரண்டு கை வார்னிஷ் அடித்தார். ஓரம் முழுக்க மரப்பட்டை வைத்தார், சக்கரம் நழுவிவிடாதபடிக்கு. வாட்டத்துக்கு சிமெண்ட் பூசினவர் கோபால்சாமி. இந்தத் தடவை தண்ணீர் ஊற்றி, அது ஓடுகிறதா என்று முட்டி போட்டுப் பார்த்துக்கொண்டே பூசினார்.

பெரியம்மாள் மேலேயிருந்து சாப்பாட்டை அனுப்பினாள். இறங்கி வரவில்லை.

*

தமிழ்மணி வந்த அன்று ஊரே ரோட்டில் நின்றது. வேனிலிருந்து இறக்கி, சாய்வுப்பாதையில் அவனே கையால் சக்கரத்தைத் தள்ளி ஏறினான். வாசலில் நின்று உள்ளே பார்த்தான்.

"புளி வெக்கிற எடத்துல புளி உலுக்குனவன வெச்சுட்டீங்க."

"எந்த வருசமாச்சும் புளி கெட்டிருக்குதா இங்க?" என்றாள் தேவயானி.

"அதுவும் சரிதான்" என்று உள்ளே போனான். பலகைமேல் சக்கரம் சத்தமில்லாமல் உருண்டது. கட்டிலில் ஒரு தடவை இடித்தது. திரும்பியது. "எம்மா எங்க?"

பெரியம்மாள் வாசலுக்கு வெளியே ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தாள். அங்கிருந்தே சுற்றினாள், அங்கிருந்தே மகனைப் பார்த்தாள். உள்ளே வா என்றதற்கு அடுப்பில் உலை இருக்கிறது என்று படியேறிப் போய்விட்டாள். அடுத்த நாளும் அப்படித்தான். சோற்றைக் கதவு வரைக்கும் கொண்டுவந்து தேவயானி கையில் கொடுப்பாள். வாசலில் குந்தி மகனோடு ஊர்க்கதையெல்லாம் பேசுவாள். பலகையில் கால் வைக்கமாட்டாள்.

"இன்னா ஆச்சு எம்மாவுக்கு?" என்று அவன் கேட்டான். தேவயானி ஒன்றுமில்லை என்றாள்.

பிறகு மழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்கிற மழையில்லை, மலையையே கரைத்து இறக்கிவிடுகிற மழை. பஸ் நின்றுபோயிற்று. சுவரோரக் கான்கிரீட்டில் கசிவு கோடு கட்டி, வாட்டத்தில் ஓடி, கதவுக்கு வெளியே போய்க்கொண்டே இருந்தது. தேவயானி விடியும்போதும் விளக்கு வைக்கும்போதும் பலகையை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தாள், கன்னத்தை வைத்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது என்றுதான் தோன்றியது. ஆனால் தோன்றுவதை நம்பலாமா? இது காய்ந்த வீடு என்று ஒருதடவை வாய் கூசாமல் சொன்னவள்தானே அவள்?

மழை ஓய்ந்த காலையில் சிஸ்டர் சொன்ன ஒரு வாரம் முடிந்திருந்தது. கோபால்சாமி காட்டில் வரப்பு உடைந்ததைப் பார்க்கப் போயிருந்தார். கரெண்ட் இல்லை. அவனைப் புரட்டிப் பிடித்துக்கொண்டு டார்ச்சும் அடிக்க ஒருத்தியால் முடியாது.

"அத்த! கொஞ்சம் உள்ள வாங்க."

வாசலில் கஞ்சிப் பாத்திரத்தோடு நின்றவள் அசையவில்லை. "நான் வர்லடி. நான் கை வெச்சா எதுனா ஆயிடும்."

"இன்னா ஆவும்?" என்றான் உள்ளேயிருந்து தமிழ்மணி. "இதுக்கு மேல இன்னா ஆவணும் எனக்கு? வாம்மா நீ."

"நீங்க வந்தாத்தான் பாக்க முடியும் அத்த" என்றாள் தேவயானி. குரல் தாழ்ந்திருந்தது. "நான் பாத்தா எனக்கே நம்பிக்கை வர்ல. நீங்களும் பாருங்க."

பெரியம்மாள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். முந்தானையால் பாதம் இரண்டையும் அழுந்தத் துடைத்தாள். வாசல் குடத்துத் தண்ணீரில் கையைக் கழுவி, அதையும் துடைத்தாள், உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு எல்லாம். உள்ளே வந்து டார்ச்சை வாங்கிக்கொண்டாள்.

தேவயானி அவனைப் புரட்டினாள். இருவரும் குனிந்தார்கள். முதுகு முடிகிற இடம். இடுப்பெலும்பு. புட்டம். குதிகால். பெரியம்மாள் மகனை இப்படிப் பார்த்து முப்பது வருஷமிருக்கும். வலது இடுப்பில் ஓர் இடம் சிவந்திருந்தது. "அழுத்துங்கத்த. அழுத்திட்டு எடுங்க." பெரியம்மாள் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள். அந்த இடம் மாவு மாதிரி வெளுத்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மெல்ல இரத்தம் திரும்பிச் சிவந்தது.

"துணிச் சுருக்கம் அழுத்துன தடம்தான்" என்றாள் தேவயானி. "ஒண்ணுமில்ல. புண்ணு இல்ல."

"ஈரமில்லடி" என்றாள் பெரியம்மாள். உள்ளங்கை முழுவதையும் மகனின் இடுப்பில் பரப்பி வைத்து, துணியையும் தொட்டு, மறுபடியும் அவனைத் தொட்டாள். "துளிகூட ஈரமில்ல."

"அப்ப போளூர் இல்லியா?" என்றான் சுவரைப் பார்த்துக் கிடந்தவன்.

"போளூர் இல்ல."

அவன் தலையணையில் கன்னத்தை அழுத்திக்கொண்டான். பிறகு கேட்டான். "எம்மா கை வெச்சிருக்குதா?"

"வெச்சிருக்காங்க."

"எங்க?"

தேவயானி மாமியாரைப் பார்த்தாள். பெரியம்மாளின் கை இன்னும் அவன் இடுப்பில்தான் இருந்தது. அதை எடுத்து, முதுகில் மெல்ல மேலே கொண்டுபோனாள். அடிபட்ட தழும்பைத் தாண்டி, விலாவைத் தாண்டி, தோளுக்குப் பக்கத்தில் வந்ததும் அவன் உடம்பு லேசாக அசைந்தது.

"ஆங்" என்றான். "இப்ப தெரியுது. சில்லுன்னு கீது உன் கை."

"கழுவிட்டு வந்தேன்டா" என்றாள் பெரியம்மாள். கையை எடுக்கவில்லை.